பொருந்தாதவற்றை அடிக்கவும்: சரக்குக் கப்பலின் வகையை அரசுகள் எழுதும் விதம்

பன்னாட்டுக் கடலில் ஓடும் 500 டன்னேஜோ அதற்கு மேலோ உள்ள சரக்குக் கப்பல் எதுவும் தாள்கள் இல்லாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. அந்தத் தாள்களில் முக்கியமான ஒன்று, கப்பலின் கட்டுமானம் பாதுகாப்பானது என்று அதன் கொடி நாட்டு அரசு தரும் சான்றிதழ். கடலில் மனித உயிர் காப்பதற்காக 1974இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையைக் கப்பல்காரர்கள் 'சோலாஸ்' என்று சொல்வார்கள். சான்றிதழின் படிவத்தை வகுத்தது அதுதான். கப்பலின் பெயர், அழைப்புக் குறி, பதிவுத் துறைமுகம், டன்னேஜ், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) எண் ஆகியவற்றோடு 'கப்பலின் வகை' என்றும் ஒரு வரி இருக்கிறது. அங்கே எழுத வேண்டியது எதுவும் இல்லை. ஐந்து வகைகள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: பல்க் கேரியர் (உலர் சரக்கைக் கொட்டி ஏற்றுவது), எண்ணெய் டேங்கர், ரசாயன டேங்கர், வாயுக் கப்பல், மேற்கண்ட எதிலும் சேராத சரக்குக் கப்பல். பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும்.

அதே படிவத்தில் தேதிகளுக்கும் இடம் உண்டு. கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தான நாள், கப்பலின் அடித்தண்டான ஏராவை வைத்த நாள், கப்பலை ஒப்படைத்த நாள். கடைசியாக ஒரு தேதி: கப்பலில் பெரிய அளவிலான மாற்றம் ஏதும் செய்யப்பட்டிருந்தால் அந்த வேலை தொடங்கிய நாள். பெரும்பாலான கப்பல்களுக்கு இந்தக் கடைசி வரி காலியாகவே இருக்கும்.

வகை, தேதி என்ற இந்த இரண்டு விவரங்களும் சேர்ந்துதான் ஒரு கப்பல் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதைத் தீர்மானிக்கின்றன. உயிர்காப்புப் படகு எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம்வரை சரக்கு ஏற்றலாம், உள்ளிருக்கும் இரும்பை ஆய்வாளர் எத்தனை நெருக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. கப்பல் கட்டப்பட்ட நாளில் எடுத்த முடிவு, கப்பலின் தொழில் மாறும்போது மறுபடியும் எடுக்கப்பட வேண்டும். எடுக்காமல் விட்டதாலும், தாளில் மட்டும் வகையை மாற்றிவிட்டுப் பழைய இரும்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமல் இருந்ததாலும் மாலுமிகள் இறந்திருக்கிறார்கள். அந்த இரண்டு விதமான மரணங்களையும் அவற்றின் தாள்கள் வழியே பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

சரக்குக் கப்பல் என்றால் என்ன என்ற கேள்விக்குச் சோலாஸ் தரும் விடை மிகச் சுருக்கமானது. 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றுவது பயணிகள் கப்பல். பயணிகள் கப்பல் அல்லாத எதுவும் சரக்குக் கப்பல். இதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய அதிர்ச்சியில்தான் 1914ஆம் ஆண்டின் முதல் சோலாஸ் உடன்படிக்கை எழுதப்பட்டது. அன்று உலகின் கவலை பயணிகளைப் பற்றியது. சரக்கோடு போகும் மாலுமிகள் அந்த வரையறையின் மிச்சத்தில் வந்து சேர்ந்தார்கள். பிறகு அந்த மிச்சத்திலிருந்து ஒவ்வொரு வகையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே 'டோரி கேன்யன்' பாறையில் மோதி எண்ணெய் கொட்டியதும், கடல் மாசுக்கு எதிரான 'மார்போல்' உடன்படிக்கை உருவாகி எண்ணெய் டேங்கர்களுக்குத் தனிச் சட்டகம் வந்தது. பல்க் கேரியர்கள் அடுத்தடுத்து மூழ்கியபின் அவற்றுக்கென்று சோலாஸில் ஒரு தனி அத்தியாயம் வந்தது. அச்சடித்த பட்டியலில் உள்ள ஐந்து பெயர்களுக்குப் பின்னால் இப்படி விபத்துகளின் வரிசை ஒன்று இருக்கிறது.

வகையை ஒட்டி என்னவெல்லாம் மாறுகிறது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழலாம் என்பதைக் குறிக்கும் சுமைக் கோட்டை 1966ஆம் ஆண்டின் உடன்படிக்கை முறைப்படுத்தியது. அது கப்பல்களை 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரிக்கிறது. திரவத்தை மட்டும் ஏற்றும் கப்பலின் மேல்தளத்தில் திறப்புகள் சிறியவை, இறுக மூடக்கூடியவை. அதனால் 'ஏ' வகைக்குக் கூடுதல் ஆழம் அனுமதி. அகலத் திறந்து நிலக்கரியோ தாதுவோ கொட்டும் கப்பல் 'பி' வகை; அது நீர்மட்டத்துக்கு மேல் இன்னும் உயர்ந்து நிற்க வேண்டும். மார்போல் சான்றிதழோடு இணைக்கும் கட்டுமானப் பதிவேட்டில், எண்ணெய் டேங்கருக்கு ஒரு படிவம், மற்றவற்றுக்கு வேறு படிவம். எண்ணெய் டேங்கர், பல்க் கேரியர் என்று பெயர் பெற்றவை 1990களிலிருந்து 'மேம்பட்ட ஆய்வுத் திட்டம்' என்ற கடுமையான பரிசோதனைக்கு உட்படுகின்றன. ஆய்வாளர் சரக்கறைக்குள் இறங்கி, சட்டங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்து, தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். அதே வயதுள்ள, அதே கடலில் ஓடும் கப்பல் 'மேற்கண்ட எதிலும் சேராத' வகையில் இருந்தால் இந்த ஆய்வுத் திட்டம் அதற்கு இல்லை. ஐரோப்பியத் துறைமுகங்களின் பாரிஸ் உடன்பாட்டு ஆய்வாளர்கள் எந்தக் கப்பலில் ஏறுவது என்று தீர்மானிக்கும்போதும் வகைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். டேங்கரும் பல்க் கேரியரும் அங்கே கூடுதல் கவனம் பெறுகின்றன.

இந்தத் தாள்களில் கொடி நாட்டின் முத்திரை இருந்தாலும், பெரும்பாலும் அவற்றை நிரப்புவது லாயிட்ஸ் ரிஜிஸ்டர், இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற வகைப்பாட்டுச் சங்கங்கள்தான். அரசு அவற்றுக்கு அதிகாரத்தை ஒப்படைத்திருக்கிறது. சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் கப்பல் உரிமையாளர். இந்த ஏற்பாட்டில் நேர்மையான ஆய்வாளர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். ஆனாலும் வகையைப் பற்றிய கேள்வி எழும்போது, எந்த விடையில் செலவு குறைவு என்பது மேஜையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

பல்க் கேரியரை வரையறுக்க நடந்த நீண்ட முயற்சியைப் பார்த்தால் இந்தச் சிக்கல் தெளிவாகும். 1980 செப்டம்பரில் 'டெர்பிஷையர்' என்ற பிரிட்டிஷ் கப்பல், கனடாவின் செட்டில் துறைமுகத்திலிருந்து ஜப்பானின் கவாசாகிக்கு இரும்புத் தாது ஏற்றிப் போகையில், ஒகினாவாவுக்கு அப்பால் 'ஆர்க்கிட்' சூறாவளியில் சிக்கிக் காணாமல் போனது. அதில் இருந்த 44 பேரும் இறந்தார்கள். உதவி கேட்டு ஒரு செய்திகூட வரவில்லை. கட்டி நான்கே ஆண்டுகள் ஆன, தாது, தானியம், எண்ணெய் மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றக்கூடிய கப்பல் அது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 1994இல் சுமார் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். 2000இல் முடிந்த மறுவிசாரணை, முன்பகுதியில் உடைந்த காற்றுக்குழாய்கள் வழியே நீர் புகுந்து கப்பல் முன்னால் தாழ்ந்ததும், அலையின் எடை தாங்காமல் முதல் சரக்கறையின் மூடி நொறுங்கியது என்ற முடிவுக்கு வந்தது. மாலுமிகளின் கவனக்குறைவு என்ற பழி அதோடு நீங்கியது.

இதற்குள் உலகெங்கும் பல பல்க் கேரியர்கள் மூழ்கியிருந்தன. 1997இல் பல்க் கேரியர்களுக்கான அத்தியாயம் சோலாஸில் சேர்க்கப்பட்டு 1999 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு யார் கட்டுப்பட்டவர் என்று சொல்ல வேண்டுமே. முதலில் எடுத்துக்கொண்ட வரையறை கப்பலின் உடலைப் பார்த்தது: ஒற்றைத் தளம், சரக்கறையின் மேல் ஓரங்களிலும் கீழ் ஓரங்களிலும் சரிவான தொட்டிகள், முதன்மையாக உலர் சரக்கைக் கொட்டி ஏற்றும் நோக்கம். அந்த உடலமைப்பு இல்லாத கப்பலும் நிலக்கரி ஏற்றலாம். அது பல்க் கேரியரா என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியது. 2004இல் அத்தியாயத்தைத் திருத்தியபோது உடலமைப்பு பற்றிய சொற்களை எடுத்துவிட்டார்கள். உலர் சரக்கைக் கொட்டி ஏற்றுவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட எந்தக் கப்பலும் பல்க் கேரியர் என்று ஆனது. வடிவத்திலிருந்து தொழிலுக்கு வரையறை நகர்ந்தது. நல்ல திசையில் எடுத்துவைத்த அடி என்றே கருதுகிறேன். ஆனால் 'முதன்மையாக' என்பதை யார் அளப்பது? எப்போதாவது கோதுமையோ உரமோ கொட்டி ஏற்றும் பொதுச் சரக்குக் கப்பலை என்ன செய்வது? 2008இல் அதற்கென்றே பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தனித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

இனி, தொழில் மாறியும் தாள் மாறாத கப்பலின் கதை. 1975இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் செஸ்டரில் ஒரு ரோ-ரோ கப்பல் கட்டப்பட்டது. லாரிகளும் டிரெய்லர்களும் சக்கரங்களிலேயே உருண்டு உள்ளே ஏறி, உருண்டே வெளியேறும் அமைப்பு. 1993 வாக்கில் நடுவே வெட்டி ஏறத்தாழ 90 அடி நீளத்தைச் சேர்த்தார்கள். 2006 வாக்கில் மறுபடியும் வேலை நடந்தது. இந்த முறை மேல்தளத்தில் கிரேன் மூலம் கன்டெய்னர்களை அடுக்குவதற்கு வசதி செய்தார்கள். சுமைக் கோடும் இரண்டடிக்குச் சற்று மேல் உயர்ந்தது. அதாவது கப்பல் முன்னைவிட அத்தனை ஆழம் அமிழலாம். அப்போதுதான் அதற்கு 'எல் ஃபாரோ' என்று பெயர் வந்தது.

அமெரிக்கச் சட்டம் 'பெருமாற்றம்' என்பதை நான்கு வழிகளில் வரையறுக்கிறது. கப்பலின் அளவையோ சுமக்கும் திறனையோ கணிசமாக மாற்றுவது. கப்பலின் வகையை மாற்றுவது. ஆயுளைக் கணிசமாக நீட்டுவது. ஏறத்தாழ புதிய கப்பல் என்று சொல்லுமளவு வேறு விதத்தில் மாற்றுவது. இதில் ஏதேனும் ஒன்று நடந்ததென்று கடலோரக் காவல்படை முடிவு செய்தால், பழைய தேதியின் பாதுகாப்பு கப்பலுக்குப் போய்விடும். புதிய விதிகள் வந்து சேரும். 'எல் ஃபாரோ'வைப் பொறுத்தவரை காவல்படை முதலில் இதைப் பெருமாற்றம் என்றே கருதியது. உரிமையாளர் தரப்பு முறையிட்டது: இதே போன்ற மாற்றம் செய்த சகோதரக் கப்பலுக்கு அப்படி முடிவு செய்யவில்லையே என்று. முன்னுதாரணத்தை ஏற்றுக் காவல்படை தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

இதனால் என்ன ஆனது? 1986 ஜூலைக்குப் பின் கட்டப்படும் சரக்குக் கப்பல்களில், மேலே முழுவதும் மூடிய உயிர்காப்புப் படகுகள் இருக்க வேண்டும் என்று சோலாஸ் விதி உண்டு. 1975இல் கட்டிமுடித்த கப்பலுக்கு அது பொருந்தாது. 'எல் ஃபாரோ' 2015இலும் திறந்த படகுகளோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி அதில் தவறேதும் இல்லை.

2015 செப்டம்பர் 29 இரவு அது ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குக் கிளம்பியது. மேலே கன்டெய்னர்கள், கீழ்த் தளங்களில் டிரெய்லர்களும் கார்களும். அக்டோபர் 1 காலை பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே 'ஹோவாக்கின்' சூறாவளிக்குள் சிக்கி மூழ்கியது. 33 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பழுதுவேலைக்காக வந்திருந்த போலந்துத் தொழிலாளர்கள். ஏறத்தாழ 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து அடுத்த ஆண்டு மீட்ட பயணப் பதிவுக் கருவியில், கப்பலை இயக்கும் மேடையில் நடந்த பேச்சு 26 மணி நேரத்துக்குப் பதிவாகியிருந்தது. கேப்டனின் வழித் தேர்வு, காலங்கடந்து வந்த வானிலைத் தகவல், நீர் புகுந்த சரக்கறை, சாய்வால் எண்ணெய் கிடைக்காமல் நின்ற எஞ்சின் என்று காரணங்கள் பல. வகைப்பாடு மட்டுமே அவர்களைக் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்றில், அந்தச் சாய்வில், திறந்த படகை இறக்கி உயிர் பிழைக்க வாய்ப்பே இல்லை. கடலோரக் காவல்படையின் சொந்த விசாரணைக் குழு 2017இல் அறிக்கை தந்தபோது, 2006ஆம் ஆண்டின் வேலையைப் பெருமாற்றமாக அறிவித்திருக்க வேண்டும் என்று எழுதியது. இத்தகைய முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, எப்படி ஆவணப்படுத்தப்படுகின்றன, முன்னுதாரணத்துக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதை மறுஆய்வு செய்யவும் பரிந்துரைத்தது. ஓர் அமைப்பு தன் கோப்பைத் தானே திறந்து பார்த்து இப்படி எழுதியது மதிக்கத்தக்கது.

முன்னுதாரணம் என்ற வாதத்தில் சற்று நிற்க வேண்டும். அரசு அலுவலகத்தில் அது நியாயமான வாதம். நேற்று ஒருவருக்குக் கொடுத்ததை இன்று இன்னொருவருக்கு மறுத்தால் பாரபட்சம். ஆனால் கப்பலின் வகை என்பது உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு மட்டும் ஆகாது. அந்த முடிவின் விளைவை உடலால் ஏற்கப்போகிற மாலுமிகள் அந்த மேஜையில் இல்லை. சகோதரக் கப்பலுக்குத் தந்த முடிவு சரியா என்று கேட்க அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை.

அடுத்தது நேர் எதிரான கதை. இங்கே தாள் முறையாக மாறியது. 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய் கொட்டியபின், டேங்கர்களுக்கு இரட்டை உடல் வேண்டும் என்ற விதி வந்தது. 1999இல் பிரான்ஸ் கரைக்கு அப்பால் 'எரிகா', 2002இல் ஸ்பெயினுக்கு அப்பால் 'பிரஸ்டீஜ்' உடைந்ததும், ஒற்றை உடல் டேங்கர்களை ஓய்வுபெறச் செய்யும் காலக்கெடு முன்னே இழுக்கப்பட்டது. 2010 பெரும் எல்லையாக நின்றது. உடைப்பதற்கு மனமில்லாத பெரிய டேங்கர்கள் ஏராளமாக இருந்தன. அதே நேரத்தில் சீனாவின் எஃகு ஆலைகள் பிரேசிலின் இரும்புத் தாதுவைக் கேட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய் ஏற்ற முடியாது என்றால் தாது ஏற்றலாமே என்று, கப்பல்கட்டும் தளங்களில் டேங்கர்களைத் தாதுக் கப்பல்களாக மாற்றினார்கள். எண்ணெய் டேங்கர் என்ற சொல்லை அடித்துவிட்டால் ஒற்றை உடலுக்கான தடை அந்தக் கப்பலைத் தொடாது. ஒரு பாதுகாப்பு விதியின் அழுத்தமே பழைய இரும்பை வேறு வகைக்குத் தள்ளியது.

அப்படி மாற்றியவற்றில் ஒன்று 'ஸ்டெல்லர் டெய்சி'. 1993இல் ஜப்பானில் ஒற்றை உடல் டேங்கராகக் கட்டப்பட்டு, 2000களின் பிற்பகுதியில் சீனாவில் தாதுக் கப்பலாக மாறியது. மார்ஷல் தீவுகளின் கொடி. எண்ணெய் தொட்டி முழுக்கப் பரவி நிற்கும் சரக்கு. கப்பலின் உடல் அதன் எடையைச் சீராகத் தாங்கும். இரும்புத் தாது கனமானது, நடு அறைகளில் குவியும். இருபக்கத் தொட்டிகள் காலியாகவோ நிலைப்பாட்டு நீரோடோ இருக்கும். ஏற்றும் முறை, வளையும் இடம், இழுபடும் இடம் எல்லாமே வேறு. 2017 மார்ச் 31 அன்று, பிரேசிலிலிருந்து சீனாவுக்கு 2,60,000 டன் தாதுவோடு போகையில், தென் அட்லாண்டிக்கில் கரையிலிருந்து வெகுதொலைவில் இடது பக்கத்தில் நீர் புகுவதாகக் கப்பலிலிருந்து செய்தி வந்தது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை. 24 பேரில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இருவர் மட்டும் பிழைத்தார்கள். கொடி நாட்டின் அறிக்கை, உடலின் கட்டமைப்பு பேரளவில் உடைந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்றது. உலோகச் சோர்வு, துரு, கண்ணில் படாத கட்டமைப்புக் குறைகள், பல துறைமுகங்களில் ஏற்றிய முறை, அந்நாள்களின் கடல் நிலை என்று சேர்ந்து செயல்பட்டிருக்கக்கூடியவற்றை அது பட்டியலிட்டது.

'எல் ஃபாரோ'வில் அரசு வகையை மறுபடி கேட்க மறுத்தது. 'ஸ்டெல்லர் டெய்சி'யில் வகை மாறியது, புதிய பெயருக்கு உரிய ஆய்வுகளும் நடந்தன. எண்ணெய்க்காகக் கட்டிய கூடு கால் நூற்றாண்டு கழித்துத் தாதுவின் கீழ் எந்த நிலையில் இருந்தது என்பது மட்டும் யாருக்கும் உரிய நேரத்தில் தெரியவில்லை. வகை மாற்றத்தின் கோப்பில், பழைய வேலை இந்த இரும்புக்குச் செய்தது என்ன, புதிய வேலை செய்யப்போவது என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பதிலை, முடிவெடுத்தவர் பெயரோடும் காரணத்தோடும், கப்பலில் வேலைக்குச் சேர வருகிற மாலுமியும் அவர் சங்கமும் படிக்கும்படி வைக்க வேண்டும். இன்று சான்றிதழில் அவருக்குக் கிடைப்பது அடித்தது போக மிஞ்சிய ஒரு பெயரும் ஒரு தேதியும்தான்.

ஐந்தாவது வகை தன்னளவிலேயே ஒரு பிரச்சினை. உலக வாணிபத்தின் முகமாக இருக்கும் கன்டெய்னர் கப்பலுக்குக் கட்டுமானச் சான்றிதழில் தனிப் பெயர் இல்லை. அதுவும் 'மேற்கண்ட எதிலும் சேராத சரக்குக் கப்பல்'. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கடலுக்கு வந்த புதிய கப்பல். 1,486 கன்டெய்னர்களில் 25 டன் நைட்ரிக் அமிலமும், ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. கசிந்த ஒரு கன்டெய்னரை இறக்கக் கத்தாரின் ஹமாதிலும் குஜராத்தின் ஹசிராவிலும் கேட்டு முடியாமல்தான் கொழும்புக்கு வந்தது. ரசாயன டேங்கராக இருந்திருந்தால் எந்தத் தொட்டியில் எதை ஏற்றலாம் என்று தனித் தகுதிச் சான்றிதழே இருந்திருக்கும். பெட்டிக்குள் அடைத்த அமிலத்துக்கு ஆபத்துச் சரக்கு விதிகளும் சரக்குப் பட்டியலும்தான் காவல். வகை என்ற வரி அங்கே யாருக்கும் எதையும் சொல்லவில்லை. நீர்கொழும்பு மீனவர்கள் மாதக்கணக்கில் வலையிறக்க முடியாமல் போனதை நினைத்தால், இந்த மௌனம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது வகைக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. 2023 முதல் 5,000 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு, கரிம உமிழ்வைக் கணக்கிட்டு ஏ முதல் இ வரை தரம் தருகிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் அளவுகோல். பொதுச் சரக்குக் கப்பல், பல்க் கேரியர், குளிர்பதனச் சரக்குக் கப்பல், வாகனக் கப்பல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு. தொடர்ந்து மூன்றாண்டு 'டி' அல்லது ஒரே ஒரு முறை 'இ' வாங்கினால் திருத்தத் திட்டம் தர வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களும் வங்கிகளும் இந்த எழுத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் கப்பலுக்கு எந்தப் பெயர் லாபம் என்று பார்க்க இது புதிய காரணம்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நம் கடற்கரையிலேயே ஓர் உயிருள்ள உதாரணம் உண்டு. தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகும் மரத் தோணிகள் சோலாஸின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவை 500 டன்னேஜுக்குக் கீழே; போதாததற்கு, பழைய முறையில் கட்டிய மரக்கலங்களுக்குச் சோலாஸே விலக்கு தருகிறது. ஆகவே அவற்றுக்கு நாட்டுச் சட்டம்தான் கதி. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. அதன் வரையறைப்படி, பாய்களை மட்டும் கொண்டே ஓடப் போதுமான பாய்ப்பரப்பு உள்ள கலம் பாய்மரக் கலம். எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. துடுப்புப் படகையும் வள்ளத்தையும்கூட அதே சொல் சேர்த்துக்கொண்டது. இன்றைய தோணிகள் எஞ்சினில் ஓடுகின்றன, ஜிபிஎஸ் வைத்திருக்கின்றன, அயல்நாட்டுத் துறைமுகத்தில் சுங்கத்தாளோடு நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் கரையேறி, பருவம் மாறியதும் இறங்குகின்றன. தாளில் அவை துடுப்புப் படகோடு ஒரே வகையில் இருந்தன.

இந்த வகைப்பாடு தோணிக்காரர்களுக்கு ஒரு விதத்தில் நிழல் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரும்புக் கப்பலுக்கான சான்றிதழ்கள் முழுவதையும் கேட்டிருந்தால் எந்தத் தோணியும் பிழைத்திருக்காது. ஆனால் அந்த நிழலுக்கு விலை இருக்கிறது. தோணி ஓட்டும் தண்டல், பெரிய கப்பலின் அதிகாரிக்குக் கிடைக்கும் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் எட்டாத தூரத்தில் நிற்கிறார். எஞ்சினும் சரக்கும் வழித்தடமும் மாறியபோதெல்லாம் அவருடைய கலத்தின் வகை மறுபடி கேட்கப்படவில்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது; கடலோரக் கப்பல் போக்குவரத்துக்கும் அதே ஆண்டு தனிச் சட்டம் வந்தது. எந்தக் கலத்துக்கு எந்தச் சான்றிதழ், எவ்வளவு இடைவெளியில் ஆய்வு என்ற நுணுக்கங்கள் எப்போதும்போல் விதிகளில்தான் முடிவாகும். மரத்தால் கட்டி, எஞ்சினில் ஓடி, பருவம் பார்த்து அயல்நாடு போகும் சரக்குக் கலம் என்று ஒரு தனி வகை அந்த விதிகளில் வேண்டும். சுமை அளவு, கரையிலிருந்து போகும் தூரம், எஞ்சின், உயிர்காப்புச் சாதனம், வானொலி ஆகியவற்றை அந்த வகைக்கு ஏற்ப வரையறுக்க வேண்டும். கட்டும் மேஸ்திரிகளையும் ஓட்டும் தண்டல்களையும் உட்காரவைத்துக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது; மரம் எங்கே முதலில் விட்டுக்கொடுக்கும், எத்தனை மூட்டையில் தோணி கனக்கும் என்பதற்கான ஏடு அவர்களிடம்தான் இருக்கிறது. எஞ்சினோ சரக்கோ வழியோ மாறினால் உரிமையாளர் தெரிவிக்க வேண்டிய ஒரு வரியும், தெரிவித்தபின் சர்வேயர் காரணத்தோடு பதில் எழுத வேண்டிய ஒரு வரியும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். பதில் எழுத ஒரு காலக்கெடுவும் வேண்டும். தோணிக்குப் பருவம் சில மாதங்கள்தான்.